சிவப்புக் கடற்பாசியில் ஹிஸ்டோன் குறியை வாசிப்பது எந்தப் புரதம்? யாழ்ப்பாணத்தில் இருந்து தேடுபவருக்கு எந்த வழி பொருந்தும்?

பண்ணைப் பாலத்தின் ஓரம் முழங்காலளவு நீரில் நின்று மாணவி ஒருத்தி கிராசிலேரியா என்ற சிவப்புக் கடற்பாசியைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். முதுநிலைப் பட்டத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. கையில் இருந்த ஆய்வுநிதி சிறியது. கரையேறியதும் கேட்டாள்: "மிஸ், இந்தப் பாசியின் கருவுக்குள் ஹிஸ்டோன் குறியை வாசிக்கிற புரதம் எது என்று பார்க்க விரும்புகிறேன். பாசியை அரைத்துத் தேடுவதா, பரம்பரையலகை பக்டீரியாவில் வைத்துப் புரதத்தைச் செய்வதா, குறி எங்கெங்கே இருக்கிறது என்று எல்லா நிறமூர்த்தங்களிலும் பார்ப்பதா, இல்லாவிட்டால் கணினியிலேயே முடித்துவிடலாமா?"

"பிள்ளை, முதலில் வாளியை நிழலில் வை" என்றேன். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் அவ்வளவுதான். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வடக்கில் வேறு பிள்ளைகளுக்கும் வரும்.

கேள்வியைச் சற்று விரித்துவிடுகிறேன். டி.என்.ஏ. வெறுமனே நூலாகக் கிடப்பதில்லை. ஏறத்தாழ 147 காரச்சோடி நீளம் நீளமாக, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளைச் சுற்றிக்கொள்கிறது. உருளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரத வால்களில் மெதைல், அசற்றைல் போன்ற சிறு கூட்டங்கள் ஏற்றப்படுகின்றன. இவைதான் ஹிஸ்டோன் குறிகள். 1964இலேயே வின்சென்ட் ஆல்ஃப்ரியும் கூட்டாளிகளும் இவற்றைக் காட்டிவிட்டார்கள். ஆனால் இவற்றைப் பிடித்து வாசிக்கும் புரதப் பகுதி ஒன்று கையில் கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: அசற்றைல் ஏறிய லைசின் என்ற அமினோவமிலத்தை புரோமோ பகுதி பிடிக்கிறது என்று தெரிந்தது அப்போதுதான். 2001இல் எச்3 ஹிஸ்டோன் வாலின் 9ஆம் இடத்து லைசினில் (சுருக்கமாக 9ஆம் லைசினில்) மெதைல் ஏறினால் எச்.பி.1 புரதத்தின் குரோமோ பகுதி பிடிக்கும் என்பது தெரிந்தது. 2006இல் பி.எச்.டி. விரல் என்ற துத்தநாகப் பகுதி 4ஆம் லைசினின் மும்மெதைலை வாசிப்பது வெளிவந்தது. இவை பெரும்பாலும் விலங்கிலும் மதுவத்திலும் கண்டவை. சிவப்பு அல்காக்களின் பரம்பரை அவற்றிலிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கனடாவின் பாறையில் கிடைத்த பங்கியோமோர்பா என்ற சிவப்பு அல்கா உயிர்ச்சுவட்டின் வயதே ஏறத்தாழ 105 கோடி ஆண்டு. அவ்வளவு தூரம் விலகிய உயிரில் அதே பூட்டுக்கு அதே சாவியா என்பதுதான் இந்த மாணவியின் கேள்வி. எனக்கு இதைவிட அழகான கேள்வி அதிகம் தெரியாது.

வழிகளை ஒப்பிடும் முன்னர் ஒரு விடயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று மெதைல் ஏறிய லைசினின் நுனிக்கு நேர்மின்னேற்றம் உண்டு, ஆனால் கொடுப்பதற்கு ஐதரசன் கிடையாது. ஆகவே அதை வழமையான ஐதரசன் பிணைப்பால் பிடிக்க முடியாது. வாசிக்கும் புரதத்தில் டைரோசின், டிரிப்டோபான் போன்ற தட்டையான வளைய அமினோவமிலங்கள் மூன்று பக்கச் சுவர்களாக நிற்கின்றன. அந்த நுனி நடுவில் வந்து உட்காருகிறது. பழ ஈயின் எச்.பி.1இல் அந்தச் சுவர்கள் 24ஆம் டைரோசின், 45ஆம் டிரிப்டோபான், 48ஆம் டைரோசின். கட்டமைப்புப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மேல்மூடி இல்லாத சிறு பெட்டி போலவே இருக்கும். இந்தப் பிடி பலமானதல்ல. பிரிகை மாறிலி (பிடி தளரத் தளரக் கூடும் எண்) பொதுவாக ஒன்றிலிருந்து சில பத்து மைக்ரோமோலர் வரை. புரோமோ பகுதிகளில் அதைவிடவும் தளர்ந்தது. நல்ல பிறபொருளெதிரியின் பிடியோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல் தளர்ந்த பிடி. கீழே நான் சொல்லும் ஏறக்குறைய எல்லாத் தீர்ப்புக்கும் காரணம் இந்தத் தளர்வுதான்.

எந்தப் பாசி?

மூன்று தெரிவுகள் உண்டு. பரவைக்கடலில் தானாக வளரும் கிராசிலேரியா. வடக்கில் கயிறுகளிலும் மிதவைகளிலும் வளர்க்கும் கப்பாபைகஸ். இத்தாலியின் அமில வெந்நீரூற்றுகளிலிருந்து வந்து இன்று ஆய்வுகூடங்களில் வளரும் ஒருகல அல்காவான சயனிடியோசைசோன் மெரோலே.

ஆய்வு வசதி என்று பார்த்தால் கடைசியாகச் சொன்னதற்கு ஈடில்லை. அதன் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் 1.65 கோடி காரச்சோடிதான். 2004இல் வாசிக்கப்பட்டு 2007இல் இடைவெளி இன்றி முடிக்கப்பட்டது. கலத்துக்கு ஒரு கரு, ஒரு இழைமணி, ஒரு பச்சையவுருமணி. உறுதியான கலச்சுவர் கிடையாது, ஆகவே உடைப்பது எளிது. அதற்குள் புதிய பரம்பரையலகைச் செலுத்தவும் முடியும். எச்3இன் 27ஆம் லைசினில் மும்மெதைல் இருப்பதும், அது நிறமூர்த்த நுனிகளை அண்டியும் மீள்வரும் தொடர்களிலும் குவிந்திருப்பதும் 2017இல் இந்த அல்காவில் காட்டப்பட்டன. ஆனால் அது கடற்பாசி அல்ல. 42 பாகை வெப்பத்தில், எலுமிச்சைச் சாறு அளவு புளித்த நீரில் வளர்வது. சந்ததிப் பரிவிருத்தி (ஒருமடிய, இருமடியச் சந்ததிகள் மாறி மாறி வருவது) கொண்ட, கிளைவிட்டு வளரும் பெரிய கடற்பாசியின் கேள்வியை அது முழுதாகத் தாங்காது.

எனக்குக் கிராசிலேரியாவின் மீது ஈர்ப்பு வருவது அங்கேதான். அதன் ஒருமடியப் புணரித் தாவரமும் இருமடிய நால்வித்தித் தாவரமும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரே பரம்பரையலகுத் தொகுதி, ஒரே தோற்றம், ஆனால் ஒன்று ஒடுக்கற்பிரிவு செய்கிறது, மற்றது செய்வதில்லை. எந்தப் பரம்பரையலகை எப்போது அடக்குவது என்ற கணக்கில் குரோமாட்டின் (டி.என்.ஏ.யும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொருள்) மீதுள்ள குறிகளுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று நினைக்க வைக்கிற உயிர் இது. அதே காரணத்தால் கவனமும் வேண்டும். பெண் தாவரத்தின் கிளையில் சிறு பருக்கள் போலத் தெரிபவற்றுக்குள் இருப்பது இருமடியக் கலங்கள். சுற்றியுள்ள தாய்க்கலங்கள் ஒருமடியம். பருவோடு சேர்த்து அரைத்தால் இரண்டு சந்ததிகளை ஒன்றாகக் கலக்கிவிட்டோம் என்று பொருள். கைவில்லை ஒன்றும் பொறுமையும் இருந்தால் பிரித்துவிடலாம்.

கப்பாபைகஸின் பலம் வேறு. துண்டு வெட்டிக் கட்டியே பெருக்குவதால் ஒரு கயிற்றில் உள்ளவை எல்லாம் ஒரே தாவரத்தின் பிள்ளைகள். வெப்பம் ஏறினால் குறி மாறுகிறதா என்று கேட்பவருக்கு அது பெரிய வரம். இந்த மாணவியின் கேள்விக்கு அந்த வரம் தேவைப்படாது.

என் தெரிவு: உயிருள்ள பொருளாகக் கிராசிலேரியா, ஒப்பிட்டுப் பார்க்கும் தொடர்களுக்குச் சயனிடியோசைசோனும் 2013இல் தொகுதி வெளியான கொண்ட்ரஸ் கிறிஸ்பஸ் என்ற சிவப்புக் கடற்பாசியும். கொண்ட்ரஸின் தொகுதி 10.5 கோடி காரச்சோடி, 9,606 பரம்பரையலகுகள். இரண்டும் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அரைத்துத் தேடுவது

மாணவிக்கு முதலில் பிடித்த வழி இது. குறி ஏற்றிய ஹிஸ்டோன் வால் துண்டை, அதாவது செயற்கைப் பெப்டைட்டை, நுண்மணிகளில் ஒட்டி, பாசியின் கருச்சாற்றில் விட்டு, ஒட்டி வருவதைக் கழுவி எடுத்து, திணிவுமானியில் எது எது என்று பார்ப்பது. முன்கூட்டியே எந்தப் புரதம் என்று ஊகிக்கத் தேவையில்லை. யாரும் எதிர்பாராத புரதம் ஒன்று வந்து மாட்டினால் அதைப்போல மகிழ்ச்சி வேறில்லை.

இது சிறகுவலை போட்டு விடியற்காலையில் போய்ப் பார்ப்பது மாதிரி. மீனும் வரும், இறாலும் வரும், சாதாளையும் வரும்.

கிராசிலேரியாவின் கலச்சுவரில் அகார் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் நான் இதே பாசியிலிருந்து கருக்களைப் பிரிக்க முயன்றேன். உரலில் பனிக்கட்டியோடு அரைத்து, கரைசலில் கலக்கி, துணியால் வடித்தேன். வடிந்தது சாறு அல்ல, இளஞ்சிவப்பான கூழ். மையநீக்கியில் சுழற்றினால் கருக்கள் அடியில் படியாமல் கூழின் நடுவிலேயே தொங்கி நின்றன. குழாயைச் சரித்தபோது முழுவதும் ஒரே கட்டியாக வழுக்கி வந்தது. சுவரைச் சிதைக்கும் நொதியங்கள் உண்டு, இளம் நுனிகளை மட்டும் எடுத்தால் சற்று எளிது, எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு படிக்கே ஆறு மாதம் போய்விடும் என்று இப்போது தெரிகிறது.

அதைக் கடந்தாலும் தளர்ந்த பிடி காத்திருக்கிறது. உப்பைக் கூட்டிக் கழுவினால் உண்மையான வாசிப்பாளரும் சேர்ந்து கழுவப்படும். குறைத்துக் கழுவினால், ஏராளமாக இருக்கும் பைகோஎரித்திரின் என்ற சிவப்பு நிறப்புரதமும் மற்ற ஒட்டும் புரதங்களும் நிறைந்துவிடும். ஹிஸ்டோன் வால் நேர்மின்னேற்றம் நிறைந்தது. எதிர்மின்னேற்றம் கொண்ட எதுவும் அதில் ஒட்டும்.

இன்னொரு ஆபத்தை நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். கடலிலிருந்து எடுத்த பாசியில் பாசி மட்டும் இல்லை. அதன் மேற்பரப்பில் தயட்டம்கள் என்ற ஒருகல அல்காக்கள் படர்ந்திருக்கும். தயட்டம்களுக்கும் கரு உண்டு, ஹிஸ்டோன் உண்டு, 27ஆம் லைசினில் மும்மெதைல் குறியும் உண்டு. நாம் மகிழ்ந்து கொண்டாடும் புரதம் பாசியின் முதுகில் இருந்த தயட்டத்தினுடையதாக இருக்கலாம். வடிகட்டிய கடல்நீரில் வாரக்கணக்கில் வளர்த்து, நுனி வெட்டி, மீண்டும் வளர்த்துச் சுத்தம் செய்த பாசி இல்லாமல் இந்த வழியில் இறங்கக்கூடாது.

திணிவுமானி வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கும். அனுமதிக் கடிதம், அனுப்பும் செலவு, காத்திருப்பு. ஹிஸ்டோனில் உள்ள குறியையே அதில் பார்க்க விரும்பினால் கருவியின் துல்லியத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மும்மெதைல் கூட்டும் திணிவு 42.047, அசற்றைல் கூட்டும் திணிவு 42.011. அந்த 0.036 வித்தியாசத்தைப் பிரிக்காத கருவியில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

குறி எங்கே என்று பார்ப்பது

பிறபொருளெதிரியால் குரோமாட்டின் துண்டுகளைப் பிடித்து, அவற்றின் டி.என்.ஏ.வை வாசிக்கும் வழி. 2019இல் வந்த, குறைந்த கலங்களே போதுமான புதிய முறையும் உண்டு. படங்கள் அழகாக வரும், ஆய்விதழ்கள் விரும்பும். இந்த மாணவிக்கு நான் இதை வேண்டாம் என்கிறேன். காரணம் எளிது: குறி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இது விடை சொல்லும். யார் வாசிக்கிறார் என்பதற்குச் சொல்லாது. வாசிப்பாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க அந்தப் புரதத்துக்கே ஒரு பிறபொருளெதிரி வேண்டும், அல்லது அடையாளம் கட்டிய புரதத்தைப் பாசிக்குள் செலுத்த வேண்டும். இரண்டும் வாசிப்பாளர் யார் என்று தெரிந்த பிறகு செய்யும் வேலை.

பிறபொருளெதிரி குளிரிலேயே வந்து சேர வேண்டும் என்பதும் உண்டு. ஒருமுறை எனக்கு வந்த பெட்டியில் பனி முழுவதும் உருகி, அட்டை நனைந்து, குப்பியின் பெயர்ச்சீட்டே கழன்றிருந்தது. வேலை செய்யுமா செய்யாதா என்று சோதித்துப் பார்க்கவே மூன்று கிழமை போயிற்று. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியை நம்பி நீண்ட ஆய்வு திட்டமிடுகிறவர் அதை மறக்க முடியாது. உலர்த்திய பெப்டைட் தூள் அப்படியல்ல. சாதாரண அஞ்சலில் சில நாள் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

கணினியிலேயே முடிப்பது

இதற்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. புரதக் கட்டமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜோன் ஜம்பரும், புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆல்ஃபாஃபோல்ட்டின் மூன்றாம் பதிப்பு குறி ஏறிய அமினோவமிலங்களையும் சேர்த்துக் கணிக்கும். செலவில்லை. ஒரு மாலையில் பத்துப் புரதங்களைப் பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியதுதான், ஆனால் தொடக்கமாக மட்டும். கணிப்பு தெரிந்த குரோமோ பகுதிகளைப் பார்த்துக் கற்றது. குரோமோ போன்ற ஒன்றையும் ஹிஸ்டோன் வாலையும் கொடுத்தால், வாலைக் கொண்டுபோய்ப் பழகிய பள்ளத்தில் வைத்துக் காட்ட அதற்கு நல்ல விருப்பம் இருக்கும். பிடி எவ்வளவு பலம் என்று அது சொல்வதில்லை.

பெயரை நம்பி ஏமாறுவது இதைவிடப் பெரிய பிழை. அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் எல்.எச்.பி.1 என்று ஒரு புரதம் உண்டு, விலங்குகளின் எச்.பி.1க்கு நெருங்கிய உறவு. உறவைப் பார்த்து 9ஆம் லைசினை வாசிக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2007இல் பார்த்தபோது அது முழுத் தொகுதியிலும் 27ஆம் லைசினின் மும்மெதைலோடு சேர்ந்தே இருந்தது. அதே செடியில் 9ஆம் லைசினின் குறியை வாசிக்கும் வேலையை வேறொரு குடும்பத்துப் புரதம் செய்கிறது என்று 2018இல் தெரிந்தது. பசுந்தாவரங்களின் பச்சையவுருமணியில் குரோமோ பகுதி கொண்ட புரதம் ஒன்று ஹிஸ்டோன் பக்கமே போகாமல், ஒளி உறிஞ்சும் புரதங்களை இடம் சேர்க்கும் வேலையில் இருக்கிறது. தாவும் பரம்பரையலகுகளில் சிலவும் தம் புரதத்தின் வாலில் குரோமோ பகுதியைச் சுமந்து திரிகின்றன. பாசியின் தொகுதியில் தேடும்போது முதலில் வந்து குவிபவை அவையாகவே இருக்கலாம். ஆகவே தேடல் பட்டியலைப் பெயரால் வடிகட்டாமல், மூன்று சுவர்களும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வடிகட்ட வேண்டும்.

பக்டீரியாவில் செய்து அளப்பது

நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். பட்டியலில் மிஞ்சும் ஒன்று இரண்டு பகுதிகளின் பரம்பரையலகைச் செயற்கையாகச் செய்வித்து, ஈ. கோலையில் வைத்து, புரதத்தைத் தூய்மைப்படுத்தி, ஒளிரும் அடையாளம் கட்டிய ஹிஸ்டோன் பெப்டைட்டோடு எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்று அளப்பது. சிறு பெப்டைட் நீரில் வேகமாகச் சுழலும். புரதம் பிடித்ததும் சுழற்சி மெதுவாகும். ஒளிர்வின் முனைவாக்கம் (ஒளி ஒரே தளத்தில் அதிரும் அளவு) கூடும். புரதச் செறிவைக் கூட்டிக் கூட்டிப் போனால் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்த வளைகோட்டிலிருந்து எண் வரும். பிடிக்கவில்லை என்றாலும் அதுவும் தெளிவான எண்ணாகவே வரும். இரண்டு வருடம் மட்டுமே உள்ள பிள்ளைக்கு இதுதான் எனக்கு முக்கியம்: "இல்லை" என்ற விடையும் ஆய்வேட்டில் எழுதக்கூடிய விடையாக இருக்க வேண்டும். சிறகுவலை வழியில் ஒன்றும் வராவிட்டால், வாசிப்பாளர் இல்லையா, கழுவிவிட்டோமா, கருவே உடையவில்லையா என்று எதையும் சொல்ல முடியாது.

வெப்பமாற்றத்தை நேரே அளக்கும் முறையும் உண்டு; அடையாளம் எதுவும் கட்டத் தேவையில்லாத, அதிகம் நம்பப்படும் முறை. ஆனால் அதற்குப் புரதமும் பெப்டைட்டும் மில்லிகிராம் கணக்கில் வேண்டும். முனைவாக்க முறைக்கு மிகக் குறைந்த பெப்டைட் போதும். கையில் உள்ள நிதிக்கு முனைவாக்கமே பொருந்தும். கடைசியில் கிடைக்கும் ஒரே ஒரு நல்ல சோடியை மட்டும் வெப்பமுறையில் சரிபார்க்கலாம்.

இந்த வழியிலும் விழக்கூடிய குழிகள் உண்டு. அவற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

எச்3 வாலில் 9ஆம் லைசினைச் சுற்றியும் 27ஆம் லைசினைச் சுற்றியும் ஒரே நான்கு எழுத்து: அலனின், ஆர்ஜினின், லைசின், செரீன். ஆகவே இரண்டையும் வேறுபடுத்த வாசிப்பாளர் அதற்கு முன்னால் உள்ளவற்றைப் பார்த்தாக வேண்டும். 9ஐச் சுற்றிய நான்குக்கு முன்னால் குளுட்டமின், திரியோனின். 27ஐச் சுற்றிய நான்குக்கு முன்னால் லைசின், அலனின். 27ஐ வாசிக்கும், பழ ஈயின் பொலிகோம்ப் புரதத்துக்கு இன்னும் முன்னே வரை நீளும் பள்ளம் உண்டு. எனவே காசு மிச்சம் பிடிக்க 23இல் தொடங்கும் குட்டைப் பெப்டைட்டை வாங்கினால், 27ஐ வாசிக்கும் புரதம் உண்மையில் பிடிக்கிற கைப்பிடியையே வெட்டிவிடுகிறோம். 18இலிருந்து 37 வரை வாங்க வேண்டும். அதற்கு முன்னர் நம் பாசியின் எச்3 தொடரை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். 31ஆம் இடத்தில் ஹிஸ்டோன் வகைகளுக்குள்ளேயே வேறுபாடு வரும்: செடிகளில் ஒரு வகையில் அலனின், மற்றதில் திரியோனின்.

ஒளிரும் அடையாளத்தை எந்த நுனியில் கட்டுவது என்பது இன்னொன்று. பி.எச்.டி. விரல் வாலின் முதல் அலனினின் சுதந்திரமான அமைன் நுனியையும் சேர்த்துப் பிடிக்கிறது. பெப்டைட் விற்பவர்களிடம் எதுவும் சொல்லாவிட்டால் அடையாளத்தை வழமைபோல முன்நுனியில் கட்டிவிடுவார்கள். பிடி அங்கேயே முடிந்துவிடும். பின்நுனியில் கட்டச் சொல்லி எழுத வேண்டும். அதோடு, 1 முதல் 20 வரையுள்ள வாலில் டைரோசினும் இல்லை, டிரிப்டோபானும் இல்லை; வழமையான 280 நானோமீற்றர் ஒளியில் செறிவு அளக்க முடியாது. அடையாளம் கட்டாத பெப்டைட் வாங்கினால் பின்நுனியில் ஒரு டைரோசினைச் சேர்க்கச் சொல்வது நல்லது.

புரதத்தின் பக்கத்திலும் யோசிக்க வேண்டும். குரோமோ பகுதி மிகச் சிறியது, அறுபது எழுபது அமினோவமிலம். அது பெப்டைட்டைப் பிடித்தாலும் சுழற்சி பெரிதாக மெதுவாகாது. வளைகோடு தட்டையாக வரும். பருமனான துணைப் புரதம் ஒன்றோடு இணைத்துச் செய்தால் கோடு எழும். பலர் வழமையில் ஜி.எஸ்.டி. (குளுட்டதையோன் டிரான்ஸ்பெரேஸ்) என்ற நொதியத்தை இணைப்பார்கள். அது இரண்டிரண்டாகச் சேரும் புரதம். நுண்மணிகளில் அடர்ந்திருக்கும் பெப்டைட்டை இரண்டு கையாலும் பிடித்தால் தளர்ந்த பிடியும் பலமானதாகத் தோன்றும். மோல்டோசு பிணைக்கும் புரதம் தனித்தே நிற்பது, அதைத் தெரிவது நேர்மையான எண்ணைத் தரும். பி.எச்.டி. விரலாக இருந்தால் அதற்குள் இரண்டு துத்தநாக அயன்கள் உட்கார வேண்டும்: வளர்ப்பூடகத்தில் சிறிது துத்தநாகம் சேர்க்க வேண்டும், உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசல் எதிலும் இருக்கக்கூடாது. அந்த ஒரு பொருளால் மடிப்புக் குலைந்த புரதத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அளந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு உப்பு. ஆய்விதழ்களில் வரும் அளவீடுகள் பெரும்பாலும் 100, 150 மில்லிமோலர் உப்பில் செய்தவை. பரவைக்கடலில் வளரும் பாசியின் நிலை வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் உவர்ப்புக் குறைந்து போகும். கோடையில் உப்பு ஏறி ஏறி வெளிக்கடலையும் தாண்டும். கலம் அதை அயன்களாலும் புளோரிடோசைட் என்ற தன் சொந்தச் சர்க்கரையாலும் சமாளிக்கிறது. மின்னேற்றத்தால் ஒட்டும் பிடி உப்பு ஏறினால் தளரும். வளையச் சுவர்ப் பெட்டியின் பிடி அவ்வளவு தளராது. ஆகவே ஒரே உப்பில் அளந்து நிறுத்தாமல் மூன்று நான்கு செறிவில் அளந்தால், பிடி எதனால் வருகிறது என்பதே அதில் தெரிந்துவிடும். இந்த அளவீட்டை உள்ளூர்க் கடலை அறிந்த பிள்ளையால்தான் யோசித்திருக்க முடியும்.

இவற்றோடு இரண்டு எதிர்ச்சோதனை கட்டாயம். குறி இல்லாத அதே பெப்டைட் ஒன்று. பெட்டியின் ஒரு சுவரை அலனினாக மாற்றிய புரதம் ஒன்று. மாற்றிய புரதம் பிடிக்காவிட்டால், அது சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மகிழ வேண்டும். குலைந்த புரதமும் எதையும் பிடிக்காது.

இந்த வழியால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. குழாயில் பிடிப்பது, பாசியின் கருவுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. முழு நியூக்கிளியோசோமில் (டி.என்.ஏ. சுற்றிய ஹிஸ்டோன் உருளையில்) வால் டி.என்.ஏ.வின் மீது படிந்து கிடக்கும். தனிப் பெப்டைட்டைப்போலக் கைக்கு எளிதில் வராது. அதற்காகவே தூய்மையாக வளர்த்த கிராசிலேரியாவை ஆய்வுகூடத் தொட்டியில் இப்போதே தொடங்கிவிடச் சொல்கிறேன். அளவீடு முடியும்போது பாசி தயாராக இருக்கும். அப்போது அரைத்துத் தேடும் வழிக்குத் திரும்பலாம், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து.

மாணவி இரண்டு நாள் கழித்து வந்தாள். நிதியில் நான்கு பெப்டைட் மட்டும் வாங்கலாம் என்றாள். போதும். 1 முதல் 20 வரை குறி இல்லாதது, அதே துண்டில் 9ஆம் லைசின் மும்மெதைல், 18 முதல் 37 வரை குறி இல்லாதது, அதில் 27ஆம் லைசின் மும்மெதைல். எல்லாவற்றுக்கும் அடையாளம் பின்நுனியில். பட்டியலில் முதலில் நிற்பது பி.எச்.டி. விரலாக இருந்தால் கடைசி இரண்டையும் விட்டுவிட்டு 4ஆம் லைசின் மும்மெதைலை எடுக்க வேண்டும். எது முதலில் நிற்கிறது என்று கொண்ட்ரஸின் தொடர்களில் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாளியில் இருந்த பாசி நுனி வெட்டப்பட்டு வடிகட்டிய கடல்நீரில் மிதக்கிறது. பருக்கள் இருந்த கிளைகளைத் தனியே வேறு தொட்டியில் வைத்திருக்கிறோம்.